தஞ்சம் கேட்டு கனடா வந்தவர்களுக்கு: கடதாசி, காசு, காலக்கெடு

இலங்கையிலிருந்து வந்து ஒன்ராறியோவில் அகதிக் கோரிக்கை வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வந்த புதிதில் எது முதல், எது பிறகு என்று சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பாதி பழைய விதி, மீதி வதந்தி. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இது சட்ட ஆலோசனை இல்லை. லோயரிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவும், அவ்வளவுதான். விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன, அதனால் காசு கட்டும் நாளில் அரசாங்கத்தின் இணையத்தளத்தை ஒருதரம் பாருங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீருடை போட்டவனுக்கு முன்னால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அங்கே உயிர் தப்பும் வழி. இங்கே பல கேஸ்கள் இடறி விழுவது அந்தப் பழக்கத்தால்தான். கீழே வரும் எல்லாப் படிகளையும் அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. எங்கே கேட்பது, எப்போது கேட்பது

விமான நிலையத்தில் இறங்கியதும் எல்லை அதிகாரிகளிடம், அதாவது சிபிஎஸ்ஏயிடம், கேட்கலாம். அல்லது நாட்டுக்குள் வந்தபிறகு குடிவரவுத் திணைக்களத்தின், அதாவது ஐஆர்சிசியின், இணையவாசல் வழியாக விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. "விண்ணப்பக் காசு" என்று யாராவது கேட்டால் அது அவர்களுடைய பொக்கெற்றுக்குத்தான் போகிறது.

அமெரிக்க எல்லையால் வருகிறவர்கள் கவனம். பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம் 2004 முடிவிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2023 மார்ச் 25 முதல் அது தரை எல்லை முழுவதற்கும் பொருந்தும். பற்றைக்குள்ளால் நுழைந்து, 14 நாட்களுக்குள் கோரிக்கை வைத்தாலும் திருப்பி அனுப்புவார்கள். கனடாவில் உரிய வதிவிட நிலையோடு நெருங்கிய உறவினர் இருந்தால் விலக்கு உண்டு. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரம், பேரன் பேத்தி, தாத்தா பாட்டி, மாமா மாமி, சித்தப்பா சித்தி, மருமகன் மருமகள் முறையில் வரும் சகோதரங்களின் பிள்ளைகள் எல்லாம் அதில் அடக்கம். ஒன்றுவிட்ட சகோதரமும் மச்சானும் அடக்கமில்லை. எல்லையில் நின்றுகொண்டு "மச்சான் ஸ்காபரோவில் இருக்கிறார்" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஏற்கெனவே தஞ்சம் கேட்டிருந்தால், 2019 முதல் இங்கே வழமையான விசாரணைக்கு உங்கள் கேஸ் போகாது. வேறொரு பாதையில் போகும். கைரேகை மூலம் அது தெரிந்துவிடும், மறைக்கப் பார்க்காதீர்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். விசிட்டர் விசாவில் வந்துவிட்டு "கொஞ்சம் பார்ப்போம்" என்று இருப்பவர்கள் நிறையப் பேர். 2025 ஜூனில் அரசாங்கம் கொண்டுவந்த சட்டமூலத்திலேயே, முதல்முறை நாட்டுக்குள் நுழைந்து ஒரு வருடத்துக்குப் பிறகு வைக்கும் கோரிக்கையை ஏற்காமல் விடும் ஏற்பாடு இருந்தது. 2020 ஜூன் 24க்குப் பிறகு வந்தவர்களை அது பிடிக்கும். ஆகவே லோயரிடம் நீங்கள் சொல்லும் முதல் தகவல், கனடா மண்ணில் முதன்முதல் கால் வைத்த தேதியாக இருக்கட்டும். பழைய விசிட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருடக் கணக்கை விட்டாலும், பிந்திக் கேட்பவரிடம் "இவ்வளவு பயம் இருந்தால் ஏன் அன்றைக்கே கேட்கவில்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

2. முதல் கிழமைகளில் கைக்கு வரும் கடதாசிகள்

கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அது வழமை. கொடுப்பதற்கு முன் வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள். கைரேகையும் படமும் எடுத்து, கேள்விகள் கேட்டு, தகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன்பிறகு உங்கள் படத்தோடு ஒரு கடதாசி வரும். அகதிக் கோரிக்கையாளர் பத்திரம் என்பது அதுதான். இனி உங்கள் அடையாள அட்டையும் வைத்தியக் காப்புறுதி அட்டையும் அந்த ஒரே கடதாசிதான். மடித்து பேர்ஸுக்குள் வைத்தால் சில மாதத்தில் மடிப்பில் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்குங்கள். ஆனால் லாமினேற் பண்ணவேண்டாம்.

அதே கட்டுக்குள் "நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவு" என்று ஒரு தாள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரவிரவாக அழுதவர்களை எனக்குத் தெரியும். அது கோரிக்கை வைக்கும் எல்லோருக்கும் கொடுக்கும் நிபந்தனை உத்தரவு. கேஸ் முடியும்வரை அது செயல்படாது.

மருத்துவப் பரிசோதனைக்கும் ஒரு தாள் தருவார்கள். 30 நாட்களுக்குள், ஐஆர்சிசி பட்டியலில் இருக்கும் டொக்டரிடம் செய்யவேண்டும். உங்கள் காசு போகாது, தற்காலிக சுகாதாரத் திட்டம் கட்டும். இதைத் தள்ளிப்போட்டால் வேலை பெர்மிட்டும் தள்ளிப்போகும்.

ஒரு பொறியையும் சொல்லவேண்டும். இணையவாசலில் கணக்குத் திறக்க ஒரு மின்னஞ்சல் தேவை. "தம்பி, நான் போட்டுத் தாறேன்" என்று உதவி செய்பவர் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்துவிடுவார். பிறகு அரசாங்கம் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அவருக்குத்தான் போகும். அவர் வேலை மாறினாலோ உங்களோடு கோபித்துக்கொண்டாலோ உங்கள் கேஸ் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கவேண்டும்.

3. லோயர் பிடிப்பது

வருமானம் இல்லாதவர்கள், லோயர் செலவைக் கட்டும் ஒன்ராறியோ லீகல் எய்ட்டுக்கு ஃபோன் செய்து விண்ணப்பிக்கலாம். தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். தகுதி இருந்தால் சான்றிதழ் ஒன்று தருவார்கள். அதை ஏற்கும் லோயரை நீங்களே தெரிவு செய்யலாம். கோரிக்கைப் படிவம் தயாரிப்பது, விசாரணைக்கு வருவது, வரம்புக்குட்பட்ட மொழிபெயர்ப்புச் செலவு என்பன அதற்குள் அடங்கும். லீகல் எய்ட் சான்றிதழை வாங்கிக்கொண்டு, அதே வேலைக்கு "மேலதிகமாக" உங்களிடம் கைக்காசு கேட்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

தமிழ் கதைப்பவர் என்பதற்காக மட்டும் ஆளைத் தெரிவு செய்யாதீர்கள். லோயர்களுக்கு லைசன்ஸ் கொடுக்கும் ஒன்ராறியோ லோ சொசைற்றியின் தளத்தில் பெயரைப் போட்டால் அவர் உண்மையில் லைசன்ஸ் உள்ளவரா என்று தெரியும். குடிவரவு ஆலோசகர்களுக்கு வேறு கல்லூரியும் வேறு பதிவேடும் உண்டு. அவர்களிலும் எல்லோரும், கோரிக்கைகளை விசாரித்து முடிவு சொல்லும் அகதிச் சபையில் வாதாட முடியாது, அதற்குத் தனித் தகுதி வேண்டும். கடைக்குப் பின்னால் மேசை போட்டு ஃபோம் நிரப்பித் தருபவர் இரண்டு பதிவேட்டிலும் இருக்கமாட்டார். கேஸ் கவிழ்ந்தால் அவருடைய பெயர் ஒரு கடதாசியிலும் இருக்காது. உங்கள் கையெழுத்து மட்டுந்தான் இருக்கும்.

4. கோரிக்கைக்கான அடிப்படை: பிஓசி படிவம்

முழுக் கேஸும் இந்தப் படிவத்தில்தான் நிற்கிறது. நாட்டுக்குள் இருந்து விண்ணப்பிப்பவர்கள் இதைக் கோரிக்கையோடு சேர்த்தே கொடுக்கவேண்டும். விமான நிலையத்தில் கேட்டவர்களுக்கு, கொடுக்கவேண்டிய கடைசித் தேதி கையில் தரும் கடதாசியில் எழுதியிருக்கும். அதைத் தவறவிட்டால் கேஸைக் கைவிட்டுவிட்டீர்களா என்று விசாரிக்கக் கூப்பிடுவார்கள். அந்த நிலைக்குப் போகவே கூடாது.

என்ன நடந்தது, யார் செய்தது, எங்கே, எப்போது, யாரிடம் முறையிட்டீர்கள், முறையிடவில்லை என்றால் ஏன், திரும்பிப் போனால் என்ன நடக்கும்? இவைதான் அதில் கேட்கும் விஷயங்கள். நாட்டின் வரலாற்றை 1948இல் இருந்து எழுதவேண்டாம். அகதிச் சபையிடம் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் ஆவணத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, உங்கள் கேஸை விசாரிக்கும் சபை உறுப்பினர் அதை வாசித்திருப்பார். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்ததும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் வீட்டுக் கதவை யார், எத்தனை மணிக்குத் தட்டினார்கள் என்பதுதான்.

தேதிகளில்தான் அதிகம் வழுக்கும். நாங்கள் "கோயில் திருவிழா முடிந்த அடுத்த கிழமை" என்று நினைவு வைத்திருப்போம். ஃபோமை நிரப்புபவர் அதற்கு ஒரு தேதியைத் தன்பாட்டில் போட்டுவிடுவார். இரண்டு வருடம் கழித்து உறுப்பினர் அந்தத் தேதியைக் கேட்பார், நீங்கள் வேறொன்று சொல்வீர்கள். சரியாகத் தெரியாவிட்டால் "2019 ஓகஸ்ற் நடுப்பகுதி, உத்தேசமாக" என்றே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

உறவுமுறையும் அப்படித்தான். பெரியம்மாவின் மகனையும் நாங்கள் அண்ணா என்றுதான் சொல்வோம். மொழிபெயர்ப்பில் அவர் கூடப்பிறந்த அண்ணன் ஆகிவிடுவார். குடும்ப விபரத்தில் உங்களுக்கு ஒரு சகோதரி மட்டுந்தான் என்று எழுதியிருக்கும், கதையில் "அண்ணாவைப் பிடித்தார்கள்" என்று இருக்கும். அங்கேயே சந்தேகம் தொடங்கிவிடும். யாரைச் சொன்னாலும் அம்மாவின் பக்கமா அப்பாவின் பக்கமா, யாருடைய பிள்ளை என்று விளக்கிச் சொல்லுங்கள்.

பெயர் விஷயமும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், சிலருக்கு முதலெழுத்து மட்டுமே இருக்கும். கடவுச்சீட்டில் ஒருமாதிரி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வேறுமாதிரி, பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு மாதிரி எழுத்துக்கூட்டல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்தக் கணக்கில் மாசிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே லீப் வருடம் அல்லாத ஆண்டில் மாசிக்குப் பிறகு பிறந்தவருக்கு ஒருநாள் இடிப்பதுபோல் தெரியும். யாராவது எண்ணிப் பார்த்துக் கேட்டால் பதில் இதுதான்.

இன்னும் ஒன்று. விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஏஜென்ற் என்ன எழுதினான் என்று தேடிப் பிடியுங்கள். இல்லாத கம்பனியில் மனேஜர் என்றும், ஊரில் பிரச்சினை ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருப்பான். அந்தக் கோப்பு சபையின் முன் வரக்கூடும். லோயரிடம் முன்கூட்டியே சொன்னால் விளக்கம் எழுதலாம். விசாரணையில் வெளிப்பட்டால் பொய் என்று ஆகிவிடும்.

இயக்கத்தோடு எந்தத் தொடர்பு இருந்திருந்தாலும், அது கட்டாயப் பிடிப்பாக இருந்தாலும், சமையல்கட்டில் நின்றதாக இருந்தாலும், பங்கருக்கு மண் வெட்டியதாக இருந்தாலும், ஒரு வரி எழுதமுன் லோயரோடு தனியே இருந்து கதையுங்கள். புலிகள் கனடாவில் 2006 முதல் தடைசெய்யப்பட்ட அமைப்பு. அப்படியான அமைப்பின் உறுப்பினரை நாட்டுக்குள் ஏற்காத குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் "உறுப்பினர்" என்பதற்கு மிகப் பரந்த பொருள் கொடுக்கிறார்கள். மறைத்தாலும் ஆபத்து, மிகைப்படுத்தினாலும் ஆபத்து. "புலி என்று சொன்னால் கேஸ் வெல்லும்" என்று ஆலோசனை சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, கையெழுத்து. அங்கே வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தவர்கள் எங்களில் எத்தனையோ பேர். இங்கே முழுப் படிவத்தையும் தமிழில் வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள். "நேரமில்லை, எல்லாம் சரியாக இருக்கு" என்று எந்த அலுவலகம் சொன்னாலும் அசையவேண்டாம். கையெழுத்து வைத்தபிறகு பிழை கண்டுபிடித்தாலும் திருத்தலாம். மாற்றிய இடத்தைக் கோடிட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் சபைக்குப் போய்ச் சேரவேண்டும்.

5. ஊரிலிருந்து ஆதாரம் எடுப்பது

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு, ஆஸ்பத்திரி ரிக்கெற், பொலிஸ் அழைப்புத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்ட இலக்கம், செஞ்சிலுவைச் சங்கக் கடிதம். இவற்றில் இருப்பதை எடுங்கள். இல்லாததை உண்டாக்க வேண்டாம். கிராம அலுவலர், சமாதான நீதவான், பாதிரியார் என்று பத்துப் பேரிடம் ஒரே வசனத்தில் எழுதிய கடிதங்களை உறுப்பினர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். கண்ணால் கண்ட அயலவர் ஒருவர் தன் சொந்த வார்த்தையில் எழுதிய சத்தியக்கடதாசி ஒன்று அந்தப் பத்தையும்விடப் பெறுமதியானது.

அம்மா அப்பாவை அலையவிடும்போது யோசியுங்கள். சிஐடி இன்னும் வீட்டுக்கு வருகிறது என்றால், அவர்களே பொலிஸ் நிலையம் போய்ப் பிரதி கேட்பது புத்தியில்லை. ஒரு வழக்கறிஞர் மூலம் கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்பதை எழுத்தில் சொல்லுங்கள். கூரியரில் வரும் உறையை எறியாதீர்கள், அனுப்பிய இடமும் தேதியும் அதில்தான் இருக்கின்றன.

தமிழிலும் சிங்களத்திலும் உள்ளவற்றை மொழிபெயர்க்கவேண்டும். அகதிச் சபைக்கு, மொழிபெயர்த்தவர் பெயர், மொழி, சரியானது என்ற உறுதிமொழி, கையெழுத்து உள்ள அறிக்கை இருந்தால் போதும். பின்னர் பிஆர், அதாவது நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு ஐஆர்சிசி கடுமையாகக் கேட்கும், அப்போது சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். ஆதாரங்கள் எல்லாம் விசாரணைக்கு 10 நாள் முன்பே போகவேண்டும்.

6. வேலை பெர்மிட், சின் நம்பர், சம்பளம்

கோரிக்கைப் படிவத்திலேயே வேலை பெர்மிட் வேண்டுமா என்று கேட்பார்கள். "ஓம்" என்று போட்டுவிடுங்கள், கட்டணம் இல்லை. பரிசோதனை முடிந்து தகுதி உறுதியானபின் அது வரும். வந்ததும் சேர்விஸ் கனடா அலுவலகத்தில், சம்பளத்துக்கும் வரிக்கும் தேவையான சின் நம்பர் எடுங்கள். அதுவும் இலவசம். 9இல் தொடங்கும். பெர்மிட் முடியும் நாளோடு அதுவும் காலாவதியாகும், பெர்மிட்டைப் புதுப்பித்ததும் சின்னையும் புதுப்பிக்கவேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெர்மிட் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கப் போடுங்கள்.

ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் முதல் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். கையில் காசாகத் தருகிறோம், 12 டொலர் என்பவரிடம் போனால் அடிபட்டாலும் கேட்க ஆளில்லை. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் 2024 ஜூலை 1 முதல் மாகாண லைசன்ஸ் வைத்திருக்கவேண்டும், பெயரை இணையத்தில் பார்க்கலாம். சம்பளத் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் ரக்ஸ் ஃபைல் பண்ணுங்கள். குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் தரும் ஜிஎஸ்ரி மீள்கொடுப்பனவு அப்படித்தான் வரும். அந்தப் படிவத்தில் தேர்தல் பட்டியலுக்குத் தகவல் கொடுக்கச் சம்மதமா என்ற கேள்வி குடியுரிமை உள்ளவர்களுக்கானது. அதில் கை வைக்காதீர்கள்.

7. இருக்க இடம், கைச்செலவு

போக்கிடம் இல்லாவிட்டால் சமூக உதவிகளைச் சொல்லும் 211 என்ற ஃபோன் இலக்கத்துக்கு அழையுங்கள். ரொறன்ரோவில் மாநகரசபையின் தங்குமிடங்களில் இடம் கேட்கலாம். வெல்ஃபேர் என்று நாங்கள் சொல்லும் ஒன்ராறியோ வேர்க்ஸ் கோரிக்கையாளர்களுக்கும் கிடைக்கும். தனி ஆளுக்கு மாதம் அதிகபட்சம் 733 டொலர், அதில் வாடகைக்கு 390. அந்த 390க்கு ஸ்காபரோவில் அறை பிடிக்கமுடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், கொடுக்கிற அரசாங்கத்துக்கும் தெரியும். வேலை தொடங்கினால் உடனே சொல்லுங்கள். சொல்லாமல் எடுத்த காசைப் பிறகு திருப்பிக் கட்டவேண்டிவரும். பிள்ளைகளின் கனடா சைல்ட் பெனிபிற் கோரிக்கைக் காலத்தில் வராது, ஏற்றுக்கொண்ட பிறகுதான் வரும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. குடிவரவு நிலையைக் காட்டி மறுக்கமுடியாது, தடுப்பூசி அட்டையோடு போய்ச் சேருங்கள். பெரியவர்களுக்குப் பாடசாலைச் சபைகள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பும் உண்டு.

வாடகைக்கு எடுக்கும்போது முதல்மாதமும் கடைசிமாதமும் கேட்கலாம். அதற்குமேல் உடைசல் வைப்பு என்று கேட்பது சட்டப்படி இல்லை. ரசீது கேட்டால் தரவேண்டும். ஆனால் எங்கள் ஆட்கள் அதிகம் இருப்பது பேஸ்மென்றில் ஓர் அறையில். வீட்டுக்காரரோடு குசினியோ குளியலறையோ பகிர்ந்தால் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை, அடுத்த கிழமை எழும்பச் சொன்னாலும் வாடகைச் சபை காப்பாற்றாது. சொந்தக்காரர் வீடென்றாலும், என்ன தொகை, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பி "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள்.

வங்கிக் கணக்கு திறக்க வேலையோ வைப்புக்காசோ தேவையில்லை. ஒரு கிளை உங்கள் கடதாசியைப் பார்த்து முழித்தால் அடுத்த கிளைக்குப் போங்கள். வந்த முதல் வருடத்தில் சீட்டுக் கட்டவேண்டாம். ஆள் ஓடினால் எழுத்தில் ஒன்றும் இருக்காது.

8. உடம்பு, மனசு

தற்காலிக சுகாதாரத் திட்டத்தை, அதாவது ஐஎஃப்எச்சை, எல்லாக் கிளினிக்கும் எடுப்பதில்லை. வரிசையில் இருக்குமுன் "ஐஎஃப்எச் எடுப்பீர்களா?" என்று வரவேற்பில் கேளுங்கள். மருந்து, பல், கண்ணாடிக்கு நீங்கள் ஒரு பங்கு கட்டவேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடி வாங்கிய உடம்பென்றால் டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். தழும்பு பற்றிய மருத்துவ அறிக்கை கேஸுக்கும் தேவை. ரொறன்ரோவில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான கனடிய நிலையம் இருக்கிறது, 1970களிலிருந்து இதே வேலையைச் செய்கிறார்கள். "விசர் என்று நினைப்பார்கள்" என்று ஒதுங்காதீர்கள். நித்திரை இல்லாமல், நினைவு தடுமாறி விசாரணையில் நின்றால் உறுப்பினருக்கு அது பொய் போலத் தெரியலாம். மனநல அறிக்கை இருந்தால் ஏன் தடுமாறுகிறீர்கள் என்று அவருக்குப் புரியும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். கணவனுக்கு முன்னால் சொல்லமுடியாதது உங்களுக்கு நடந்திருந்தால், லோயரைத் தனியே சந்திக்கக் கேட்கலாம். பெண் உறுப்பினர், பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சபையிடமும் கேட்கலாம். உங்கள் கேஸ் கணவனுடையதின் வால் அல்ல.

9. அங்கிருந்து கொண்டுவந்த பழக்கங்கள்

அதிகாரி கேட்டது விளங்காவிட்டாலும் தலையாட்டிவிடுவோம். இங்கே அந்தத் தலையாட்டல் "ஓம்" என்று கோப்பில் ஏறும். "விளங்கவில்லை, திரும்பக் கேளுங்கள்" என்று எத்தனை தரமும் சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அலுவலகத்துக்குப் பழமும் இனிப்பும் கொண்டுபோகவேண்டாம். உதவி செய்த அதிகாரிக்கு உறையில் வைத்து எதுவும் நீட்டவே வேண்டாம்.

பொலிஸ் கதவைத் தட்டினால் யார், என்ன விஷயம் என்று கேட்கலாம். நீதிமன்ற ஆணை இருக்கிறதா என்றும் கேட்கலாம். அதே சமயம், அடிதடியோ களவோ நடந்தால் 911க்கு அழைப்பதற்குத் தஞ்சம் கேட்டவர் என்பது தடையில்லை. சிபிஎஸ்ஏ கையெழுத்து வைக்க வரச்சொன்ன நாளில் மட்டும் எந்தச் சாட்டும் சொல்லாமல் போய்விடுங்கள்.

ஊர்வலத்துக்குப் போவது இங்கே குற்றமில்லை. ஆனால் உங்கள் முகம் இணையத்தில் வந்தால் அது ஊரிலும் தெரியும், அங்கே அம்மா இருக்கிறா. போவதா விடுவதா என்பது உங்கள் முடிவு. கேஸுக்காக மட்டும் கொடி பிடித்துப் படம் எடுத்துப் போடுவதை உறுப்பினர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

10. விலாசம் மாறினால்

மூன்று இடத்துக்குத் தனித்தனியாகச் சொல்லவேண்டும்: அகதிச் சபை, ஐஆர்சிசி, சிபிஎஸ்ஏ. ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போகாது. லோயருக்கும் சொல்லுங்கள். பேஸ்மென்ற் பேஸ்மென்றாக மாறும் ஆட்களின் விசாரணை அறிவித்தல் பழைய வீட்டுத் தபால்பெட்டியில் கிடந்து, கேஸ் கைவிடப்பட்டதாக மூடப்படுவது இப்படித்தான்.

11. காத்திருப்பும் விசாரணையும்

2025இல் சபையில் நிலுவையில் இருந்த கோரிக்கைகள் 2 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டின. ஆகவே வருடக்கணக்கில் காத்திருக்கத் தயாராகுங்கள். அடிக்கடி ஃபோன் செய்தால் முன்னுக்கு வராது. அந்தக் காலத்தில் பிஓசியின் பிரதியை இடைக்கிடை எடுத்து வாசியுங்கள். பாடமாக்கவேண்டாம், ஒப்புவித்தால் அது வேறுவிதமாகத் தெரியும். ஊரில் புதிதாக ஏதும் நடந்தால் உடனே லோயருக்கு எழுதுங்கள்.

விசாரணை பெரும்பாலும் கணினித் திரையில், ரீம்ஸ் என்ற வீடியோச் செயலி வழியாக நடக்கும். நேரில் வேண்டுமென்றால் கேட்கலாம். ஏறக்குறைய அரைநாள் எடுக்கும். பேஸ்மென்றில் வைஃபை இழுபடும் என்றால் லோயரின் அலுவலகத்தில் இருந்து செய்யுங்கள். மொழிபெயர்ப்பாளரைச் சபை இலவசமாகத் தரும். அவருடைய தமிழ் இந்தியத் தமிழாக இருந்து உங்களுக்கு இடறினால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், முடிந்தபிறகு சொல்வதை எடுக்கமாட்டார்கள். சிறுசிறு வசனமாகச் சொல்லி நிறுத்துங்கள். என் விசாரணையில் உறுப்பினர் ஒரே சம்பவத்தை மூன்று பக்கத்தால் சுற்றிச் சுற்றிக் கேட்டார். அங்கே அடைத்துவைத்துக் கேட்ட விசாரணை ஞாபகம் வந்து தொண்டை அடைத்துப்போனது. தண்ணீர் குடிக்க நேரம் கேட்டேன், தந்தார்கள். நீங்களும் கேளுங்கள்.

12. முடிவு வந்தபிறகு

நிராகரித்தால், எழுத்தில் காரணம் கிடைத்த நாளிலிருந்து மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க 15 நாட்கள்தான். அன்றைக்கே லோயரைப் பிடியுங்கள், லீகல் எய்ட்டுக்கும் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும்.

ஏற்றுக்கொண்டால் முதல் வேலையாக ஒன்ராறியோ சுகாதார அட்டையை எடுத்து, பிஆருக்கு விண்ணப்பியுங்கள். 2024 ஏப்ரல் 30இல் கட்டணம் பெரியவருக்கு 635 டொலர், பிள்ளைக்கு 175 ஆக இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். வழமையான நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிக்கு இல்லை. ஊரில் இருக்கும் மனைவியையும் எல்லாப் பிள்ளைகளையும் இந்த விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வராதவர்களையும், பிரிந்திருப்பவரையும், முதல் தாரத்துப் பிள்ளையையும் எழுதுங்கள். இப்போது எழுதாமல் விட்டவரைப் பிறகு குடும்பமாக ஸ்பொன்சர் செய்வது அநேகமாக முடியாத காரியம்.

அப்புறம் கடவுச்சீட்டு. பிஆர் அட்டை வந்தால் எல்லாம் முடிந்தது என்று இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்வருகிறார்கள். 2012 டிசம்பரில் இருந்து சட்டம் மாறிவிட்டது. தப்பி ஓடிவந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினீர்கள் என்று அரசாங்கம் மனுப்போட்டால், அகதி நிலையோடு பிஆரும் போய்விடும். செத்தவீடு, கலியாணம், காணிப்பிரச்சினை எதுவானாலும் லோயரைக் கேட்காமல் ரிக்கெற் போடாதீர்கள். வேறு நாடுகளுக்குப் போக அகதிப் பயணப் பத்திரம் எடுக்கலாம், அதில் இலங்கைக்கு மட்டும் போகமுடியாது. அம்மாவைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ சந்திப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பத்திரத்துக்கு விசா கொடுப்பார்களா என்று அந்தந்தத் தூதரகத்தில் முதலில் கேளுங்கள், பிறகு ரிக்கெற்றுக்குக் காசு கட்டுங்கள். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் இங்கே இருந்திருக்கவேண்டும். ஏற்றுக்கொண்ட நாளுக்கும் பிஆருக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நாளும் அரை நாளாக, 365 வரை, அந்தக் கணக்கில் சேரும். வெளிநாடு போய்வந்த தேதிகளை அன்றன்றே எழுதி வைத்தால் அப்போது பழைய போடிங் பாஸைத் தேடி அலையவேண்டியதில்லை.